காணி என்றால் எவ்வளவு, பிள்ளை?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அந்தத் தெரு வழியாகத்தான் டிபன் வாங்கப் போக வேண்டும். முதலாளிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த பேரன் செல்போனில் வட்டமும் தூணுமாகக் கலர் கலராக ஏதோ காட்டி, "தாத்தா, மொத்த வியாபாரத்தையும் ஒரே திரையில பாக்கலாம்" என்று தூபம் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டான். மாட்டிக்கொள்ள நான் இருந்தேன்.

"பத்து வருஷக் கணக்கு எக்ஸெல்ல இருக்குது தம்பி. அதைத் தூக்கி அந்த பவர் பி.ஐ.ல கொட்டிடு. அரை மணி நேரம் ஆகுமா?"

ஆகும் என்றேன். வாயில் சனி.

முதல் இடி தறிக் கணக்கில் விழுந்தது. ஐந்தாம் தறியில் பன்னிரண்டாவது சேலை என்பதை அந்தக் கடையில் 5-12 என்று எழுதுவார்கள். தட்டிய அன்றைக்கே எக்ஸெல் அதை டிசம்பர் 5 ஆக்கி வைத்திருந்தது. பன்னிரண்டாவது சேலையாவது இந்த வருஷத்தில் தங்கியது. அதே தறியின் 85ஆவது சேலை 1985 மே மாதத்துக்கே போய்விட்டது. அதை நெய்தவருக்கு அப்போது மூன்று வயது. பச்சைப்பிள்ளை கோர்வை போட்டு நெய்ததாகத் திரை சத்தியம் செய்தது. இதில் நமக்கு மட்டும் அவமானம் இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே 2020இல் தோற்றுக் கை தூக்கிவிட்டது. 'மார்ச்1' என்ற மரபணுவை எக்ஸெல் மார்ச் மாதம் முதல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பல கோடி வருஷத்துப் பரிணாமம் ஒரு கட்டத்துக்கு முன்னால் மண்டியிட்டது.

அடுத்து நிறம். 'எம்.எஸ். நீலம்' என்று ஓரிடம், 'எம்எஸ்' என்று ஓரிடம், 'சுப்புலட்சுமி கலர்' என்று ஓரிடம், வெறுமனே 'அம்மா நீலம்' என்று ஓரிடம். நான்கும் ஒரே நீலம் என்பது காஞ்சியில் பால்குடி மறக்கும் முன்பே தெரியும், மைக்ரோசாஃப்டுக்குத் தெரியாது. நான்கு தூண் எழுப்பியது. அப்புறம் தலைப்புகளை அழகாக நடுவில் வைப்பதற்காக ஒன்றாகச் சேர்த்த கட்டங்கள். முதல் வரிசையில் 'அரக்கு' என்று இருக்கும். கீழே பதினொரு வரிசை காலி. மனிதன் கண்ணுக்குப் பன்னிரண்டும் அரக்கு. கருவிக்கு ஒன்று அரக்கு, பதினொன்று அம்மணம்.

இதெல்லாம் துடைத்தால் போகிற அழுக்கு. போகாதது ஒன்று இருந்தது. சில கட்டங்களுக்கு மஞ்சள் அடித்திருந்தது. சிலவற்றுக்குப் பச்சை, சிவப்பு, ரோஸ். கட்டத்தில் இருக்கும் எழுத்தும் எண்ணும் பவர் பி.ஐ.க்குள் இறங்கும், கட்டத்துக்கு அடித்த வர்ணம் இறங்காது. அது வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படும். கடையின் கணக்கரைக் கேட்டேன். முதலாளியைவிட மூத்தவர். பேரேட்டுச் சிட்டையிலிருந்து எக்ஸெல்லுக்கு மாறியபோது கூட மாறாத ஒரே ஆள்.

"ஐயா, மஞ்சள்னா என்ன அர்த்தம்?"

வெற்றிலையைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். "மஞ்சள்னா மஞ்சள்தான் தம்பி."

அந்த மூஞ்சியை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இரண்டு நாள் யோசித்தபின் பிடிபட்டது. பார்த்ததில்லை, படித்திருக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1767இல் காட்டிய மூஞ்சி அது.

கதை இப்படி. ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கழுத்துவரை. கம்பெனி அவருக்காகச் சண்டை போட்டது; சண்டைக்கு பில் போட்டது; பில்லைக் கட்ட அவர் கம்பெனிக்காரர்களிடமே வட்டிக்கு வாங்கினார். இந்த அழகான ஏற்பாட்டின் நடுவில், 1763இல் சென்னையைச் சுற்றிக் காஞ்சிபுரம் உள்பட ஒரு பெரிய பகுதியை ஜாகீராக எழுதிக் கொடுத்தார். செங்கல்பட்டு ஜாகீர். கம்பெனி கையில் சுமார் 2,000 ஊர். ஆனால் எந்த ஊரில் என்ன விளைகிறது, யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று ஒரு துரைக்கும் தெரியாது. முதலாளிக்கு ஒரே திரையில் பார்க்க ஆசை வந்துவிட்டது. பேரன் இல்லாத குறைக்குத் தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியரைப் பிடித்தார்கள்.

பர்னார்டுக்கு அரை மணி நேரம் என்று யாரும் சொன்னார்களா தெரியாது. 1767இல் தொடங்கி 1774 வரை இழுத்தது.

அளப்பது பெரிய விஷயமில்லை. ஆள் இருந்தால் கோல் பிடிக்கலாம். எழுதி வைத்திருக்கும் கணக்கை இறக்குவதில்தான் கண்ணி. ஊர்க்கணக்கு ஓலையில் இருந்தது. ஓலை கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தது. ஓலையின் அர்த்தம் கணக்குப்பிள்ளை மண்டையில் இருந்தது. கம்பெனிக்காரர்களுக்கு 'கணக்கப்பிள்ளை' என்று சொல்ல நாக்கு வளையாமல் 'கானிகோபோலி' என்று எழுதிவைத்தார்கள். கேட்டால் இத்தாலியில் ஏதோ கிராமம் மாதிரி இருக்கும். செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆனது. காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்' ஆனது. அந்தத் தப்பை நாம் திருத்தவில்லை. சேலைப் பெட்டியில் தங்க எழுத்தில் அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கிறோம்.

கச்சி, காஞ்சி, கச்சிப்பேடு, காஞ்சீபுரம், கான்ஜீவரம். ஒரே ஊர், ஐந்து தூண்.

பர்னார்டின் கூடாரத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பதிவு இல்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன், ஏனென்றால் போன மாதம் எனக்கும் இதேதான் நடந்தது.

துரை, துபாஷ் வழியாக: "உன் நிலம் எவ்வளவு?"

பிள்ளை: "ஒரு காணி, துரை."

"காணி என்றால் எவ்வளவு?"

"எண்பதில் ஒன்று."

"எதில் எண்பதில் ஒன்று?"

"எதில் வேண்டுமானாலும். பின்னம், துரை. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, ஒரு மா, காணி."

"நான் நிலத்தைக் கேட்டேன்."

"நிலத்தில் காணி என்றால் நூறு குழி."

"இதைத்தான் உனக்குச் சொந்தம் என்கிறாயா?"

"சொந்தம் வேறு. அது காணியாட்சி. காணியே இல்லாமலும் காணி உண்டு, துரை. இந்தக் காணி அந்தக் காணி இல்லை."

துரை மோர் கேட்டிருப்பார்.

பிள்ளை சொன்னதில் ஒரு பொய் கிடையாது. காணி என்ற சொல் எண்பதில் ஒன்று என்ற பின்னம். அதுவே ஒரு நில அளவு: இருபத்துநாலு அடி சதுரமான குழி நூறு சேர்ந்தது, 57,600 சதுர அடி, நம் கணக்கில் 1.32 ஏக்கர். சென்னையில் இன்று மனைத்தரகர் 'ஒரு கிரவுண்டு' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விலை சொல்கிறாரே, அந்த 2,400 சதுர அடி இதில் சரியாக இருபத்துநாலில் ஒரு பங்கு. மூன்றாவதாக, பரம்பரை உரிமைக்கும் காணி என்றே பெயர். ஒரே தலைப்பின் கீழ் எண், அளவு, உரிமை மூன்றும் ஒரே கோணியில். இன்றைக்கு எந்தக் கருவியிலாவது இதை ஏற்றிப் பாருங்கள். 'தரவு வகை பொருந்தவில்லை' என்று சிவப்பில் அழும். ஊருக்குள் யாரும் அழவில்லை. எந்தக் காணி எந்தக் காணி என்பது பேச்சின் சுருதியிலேயே தெரிந்தது. தெரியாதவன் வெளியூர்க்காரன், வெளியூர்க்காரனுக்குத் தெரியாமலிருப்பது ஊருக்கு நல்லது.

இதற்கும் கீழே போகலாம். காணியில் கால் பங்கு முந்திரி, அதாவது 320இல் ஒன்று. முந்திரியை மறுபடி 320ஆக உடைத்தால் கீழ்முந்திரி: 1,02,400இல் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் ஆட்கள் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. வகுத்துப் பார்த்தேன்: அரை சதுர மில்லிமீட்டர் வருகிறது. அந்த நிலத்தில் ஓர் எறும்பு நின்றால் முன்னங்கால் பக்கத்து சர்வே நம்பரில் இருக்கும். வரி கட்டிய எறும்பா என்று கேட்டு நோட்டீஸ் போயிருக்கும்.

கம்பெனிக்காரன் இந்த முந்திரியை எல்லாம் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட என்று போட்டு முழு எண்ணாக்க ஆசைப்பட்டிருப்பான். பிள்ளைக்கு அதில் ஆட்சேபணையே இருந்திருக்காது. உதிர்கிற முந்திரி எங்கேயாவது ஒரு வாயில்தானே விழ வேண்டும்.

நெல்லுக்கு வருவோம். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், நானூறு மரக்கால் ஒரு கரிசை. கேட்க ஒழுங்காக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த ஊர் மரக்காலும் அடுத்த ஊர் மரக்காலும் ஒரே வயிறு உள்ளவை அல்ல. காசில் கதை வேறு: சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. பத்தால் பெருக்கிப் பழகிய யாரையும் கதறவைக்கும் ஏணி.

ஆண்டுக்கு வந்தால் எக்ஸெல் ஒரேயடியாகப் படுத்துவிடும். அதன் சித்தாந்தப்படி பிரபஞ்சம் 1900 ஜனவரி 1ஆம் தேதி படைக்கப்பட்டது. அதற்கு முன்னால் காலமே கிடையாது. பல்லவன், சோழன், நவாப் எல்லாம் தேதியல்ல, வெறும் எழுத்து. படைத்த கையோடு ஒரு தப்பும் செய்தது: 1900ஐ லீப் வருஷம் என்று இன்றுவரை சாதிக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற மூத்தாள் செய்த பிழை. ஒத்துப்போக வேண்டும் என்று இளையாளும் அப்படியே வைத்துக்கொண்டாள். நம் பஞ்சாங்கம் மட்டும் ஒழுங்கா? பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர், சுற்றிச் சுற்றி அதே பெயர். பர்னார்டு வேலையைத் தொடங்கிய 1767 சர்வசித்து வருஷம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய 1947ம் சர்வசித்து வருஷம். ஓலையில் 'சர்வசித்து' என்று மட்டும் இருந்தால் துரை வருகிறாரா போகிறாரா என்பது கருவிக்குத் தெரியாது.

இவ்வளவு கலவரத்திலும் அந்த ஓலைகளில் இருந்தது என்ன என்று பார்த்தால் வாய் பிளக்கும். ஒவ்வொரு ஊருக்கும் நிலம் எவ்வளவு. அதில் ஏரி, தோப்பு, வீட்டுமனை, நஞ்சை, புஞ்சை எவ்வளவு. எந்தச் சாதிக்கு எத்தனை வீடு. அப்புறம்தான் கூத்து: களத்தில் குவிந்த நெல்லிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு பங்கு. ஊர்க் கோயிலுக்கு, வெளியூர்ப் பெரிய கோயிலுக்கு, மடத்துக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, ஏரித் தண்ணீரைப் பங்கிடும் கம்புகட்டிக்கு, காவலுக்கு, ஆடுகிறவருக்கு, படிப்பவருக்கு. அளக்காத குவியலிலிருந்து ஒரு பங்கு, அளந்த குவியலிலிருந்து ஒரு பங்கு. சர்க்காருக்குப் போகுமுன் குவியல் ஊர் முழுக்க நடந்துவிட்டு வரும். இந்தப் பட்டியலில் நிதானமாக, வெட்கமில்லாமல், ஒரு வரி உட்கார்ந்திருக்கும்: கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு. பங்கையும் அவரே வாங்குகிறார். பங்குக் கணக்கையும் அவரே எழுதுகிறார்.

அதனால்தான் தரவு அழுக்காக இருக்கிறது என்று கருவி விற்பவன் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அவன் அதை அறியாமை என்று நினைக்கிறான். பாதி அழுக்கு அறியாமை, ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி யாரோ ஒருவருடைய பிழைப்பு.

இது இங்கிலீஷ்காரன் வந்தபின் கற்றுக்கொண்ட வித்தை அல்ல. காஞ்சியில் ஒரு பெருமாளே சர்வேயர். உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். முப்பது அடிக்கு மேல் நிற்கிறார், ஒரு காலைத் தூக்கியபடி. முதல் அடியில் மண், இரண்டாம் அடியில் விண், மூன்றாம் அடிக்குக் கட்டமே இல்லை. தரவு கொடுத்தவன் தலையிலேயே வைத்து முடித்துவிட்டார். எல்லா அளவையிலும் கடைசிக் கட்டம் யாரோ ஒருவன் தலையில்தான் வைக்கப்படும் என்பதைப் புராணம் எழுதியவர்கள் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். சோழர்களும் நில அளவைத் தலைவனுக்கு 'உலகளந்தான்' என்றே பட்டம் கொடுத்தார்கள்.

அதே கோயிலுக்கு உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலுக்கு எந்த வகையில் வரவு, எதற்கு எவ்வளவு செலவு என்று விளக்கமாகப் போகிறது. நிறுக்கிற கோலுக்கும் அளக்கிற காலுக்கும் ஊரில் வாங்கும் கூலி, வரவில் ஒன்று. இந்தக் கோயில் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாரிடம்? கச்சிப்பேட்டுப் பட்டசாலியரிடம். நெசவாளிகள்! பத்தாம் நூற்றாண்டில் காஞ்சியில் தறிக்காரர்தான் கோயில் காரியம் பார்த்திருக்கிறார். இன்று தறிக்காரர் கணக்கைக் கடைக்காரர் பார்க்கிறார். பாவு அப்படியே இருக்கிறது. ஊடை எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடுகிறது.

சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் ஜனநாயகம் என்று கொண்டாடுகிறார்கள், பாராளுமன்றத்திலும் பேசுகிறார்கள். நான் அதைச் சரிபார்ப்பு விதி என்று படிக்கிறேன். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவன் கூடாது. எல்லாவற்றிலும் சுவையான விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் மட்டுமல்ல, சின்னம்மா பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மருமகன், மாமனார் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்குத் தேவையான அத்தனை உறவும் கூடாது. இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் என்னவெல்லாம் நடந்திருக்கும்! இதில் இன்னொரு வேடிக்கை: 919இல் ஒரு விதி வெட்டினார்கள், இரண்டே வருஷத்தில், 921இல், திருத்திய விதியை மறுபடி வெட்டினார்கள். முதல் பதிப்பில் எங்கோ ஓட்டை. கல்லில் வெட்டினாலும் மறுபதிப்பு தவிர்க்க முடியவில்லை. ஓலையைக் குடத்திலிருந்து எடுக்க ஒன்றும் அறியாத சின்னப் பையனைக் கூப்பிட்டார்கள். கருவியும் அந்தப் பையன் மாதிரிதான். அது நியாயமாகத்தான் எடுக்கும். குடத்துக்குள் போட்டது யார் என்பதுதான் கேள்வி.

பர்னார்டு 1774இல் முடித்தார். ஆங்கிலச் சுருக்கம் கோட்டைக்குப் போனது. ஆறு வருஷத்தில் ஹைதர் அலி வந்தார். 1780 செப்டம்பர் 10, காஞ்சிக்குப் பக்கத்தில் புள்ளலூர். கர்னல் பெய்லியின் படை துவம்சம். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி கைதி. சுற்றுவட்டாரத்தில் ஊர்கள் எரிந்தன, ஜனங்கள் ஓடினார்கள். ஏழு வருஷம் எடுத்துச் சேர்த்த வீட்டுக் கணக்கில் இப்போது வீடும் இல்லை, ஆளும் இல்லை. தரவைப் புதுப்பிக்கும் பொத்தானை ஹைதர் அமுக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி பெற்றவர்கள் அந்தப் போரைச் சீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் பெரிய படமாக எழுதிவைத்தார்கள். நடுவில் பல்லக்கில் பெய்லி. வென்றவன் காசில் வரைந்த டேஷ்போர்டு எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும்.

புள்ளலூருக்கு இது புதிதல்ல. அதற்குச் சுமார் ஆயிரத்து நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலும் அங்கே ஒரு சண்டை. மகேந்திரவர்மன் புள்ளலூரில் முக்கியமான பகைவர்களை ஒழித்தான் என்கிறது காசக்குடிச் செப்பேடு. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் பதுங்கவைத்தோம் என்கிறது இரண்டாம் புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டு, 634ஆம் ஆண்டு. இரண்டு பைல், இரண்டு ஜெயித்தவன், தோற்றவன் பத்தியில் இரண்டிலும் எதிராளிதான். கூட்டிப் பார்த்தால் அந்தக் காலத்தில் யாருமே தோற்கவில்லை.

பிறகு 1794இல் லயனல் பிளேஸ் கலெக்டராக வந்தார். மறுபடி முதலிலிருந்து கணக்கு, விசாரணை, அறிக்கை. காஞ்சிக் கோயில் நிர்வாகத்திலும் மூக்கை நுழைத்தார். நுழைத்தவருக்கு என்ன ஆனது? நாலே வருஷத்தில் ஊர் அவரை இறக்குமதி செய்துகொண்டது. மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமலட்சுமணர் காத்ததை அவர் கண்ணால் கண்டதாகக் கதை. வரதராஜப் பெருமாளுக்கு அவர் கொடுத்தது என்று ஒரு அணி, கிளைவ் கொடுத்தது என்று ஒரு மகரகண்டி. கோயிலில் இன்றும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். கணக்குக் கேட்க வந்த துரைகள் கடைசியில் கோயில் நகைப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்தார்கள். கணக்குப்பிள்ளைகளின் மொத்தச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியவில்லை.

ஓலைகள் அழியவில்லை. இருநூறு வருஷம் கழித்து, தரம்பால் என்ற காந்தியவாதி கம்பெனி ஆவணங்களைக் குடைந்தபோது இந்தக் கணக்கின் வாசனை பட்டது. தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சென்னையில் கொள்கை ஆய்வு மையத்து ஆட்கள் உட்கார்ந்து படித்தார்கள். திருப்போரூர், வடக்குப்பட்டு என்று இரண்டு ஊர்க் கணக்கைத் தனிப் புத்தகமாகவே போட்டார்கள். முந்திரியும் மாகாணியும் தசமமாக மாறி, காணி எக்டேராக மாறி, கலம் கிலோவாக மாறி, ஒருவழியாக அட்டவணையில் இறங்கியது. எடுத்துக்கொண்ட காலம், பர்னார்டு முதல் அச்சுவரை, இருநூறு வருஷத்துக்கு மேல். அரை மணி நேரம் கேட்ட என் முதலாளிக்கு இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்க ஆசை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கொரோனாக் கணக்கை அரசாங்கம் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றியது. அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. வழிந்தது வழிந்ததுதான்: 15,841 நோயாளிகள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். நம் ஊர் ஓலைக்குக்கூடக் கீழே இன்னொரு ஓலை கட்டிக்கொள்ளத் தெரியும்.

சரி, கடைக்கு வருகிறேன். மூன்றாவது நாள் கணக்கருக்கு ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலாளி கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"மஞ்சள், தறிக்காரர் முன்பணம் வாங்கினது" என்றார், பாக்கை நறுக்கிக்கொண்டே. "பாப்பா கல்யாணம், ஆஸ்பத்திரி, இப்படி. பச்சை, சரிகை கொஞ்சம் குறைச்சலா வந்தது. எடை போட்டா தெரியும், கட்டினவங்களுக்குத் தெரியாது. சிவப்பு, வித்துட்டுத் திரும்பி வந்தது."

ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி சேர்த்தேன். 'முன்பணம்: ஆம்/இல்லை.' இப்போது வர்ணம் எழுத்தாகிவிட்டது, உள்ளே இறங்கும்.

"ரோஸ், ஐயா?"

சுண்ணாம்பைத் தடவுவதில் மும்முரமாக இருந்தார். "அது சும்மா. பாக்க அழகா இருக்கட்டும்னு."

எண்ணிப் பார்த்தேன். அழகுக்கு அடித்த கட்டம் 214. எல்லாமே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில், எல்லாமே மூன்று குறிப்பிட்ட தறியில். நான் அவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்தார். தெருவில் மாடு ஒன்று போனது. மூவருமே ஒன்றும் பேசவில்லை.

ரோஸ் கட்டங்களை 'இதர' என்று ஒரு வகைக்குள் போட்டேன்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய முதலாளியை மடிக்கணினி முன்னால் உட்காரவைத்தேன். எம்.எஸ். நீலம் இப்போது ஒரே தூண். தறிகள் வரிசையாக, டிசம்பரும் மே மாதமும் இல்லாமல். வட்டம் சுழன்றது, பேரனுக்கு வீடியோ அழைப்பு போனது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் திரையில் ஓரிடத்தைத் தொட்டார்.

"இந்த 'இதர'ன்னு நிக்குதே தம்பி, இவ்வளவு உசரமா. அது இன்னா?"

கணக்கர் வெற்றிலையை மறுபக்கத்துக்கு மாற்றினார்.

"ரவுண்டாஃப் வித்தியாசம், முதலாளி" என்றேன்.